'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்': பிக்கார்ட் எடுத்த முடிவு சரிதானா?

#1 திருவான்மியூர்க்காரி

ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் மொட்டை மாடியில் நம்ம ஆட்கள் சேர்ந்து இந்த எபிசோடைப் பார்த்தோம். முடிந்ததும் எல்லாரும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கிளம்பிவிட்டார்கள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதை இங்கே தொடரலாம். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளி டிவி தொடர், மூன்றாவது சீசன், பதினைந்தாவது எபிசோட். கேப்டன் பிக்கார்டின் என்டர்பிரைஸ்-டி கப்பல்தான் அந்தத் தொடரின் களம். முதலில் ஒளிபரப்பானது 1990 பிப்ரவரியில். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், இந்த இழையில் கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாக: விண்வெளியில் ஒரு பிளவு தெரிகிறது. அதற்குள்ளிருந்து அடிபட்டுச் சிதைந்த ஒரு கப்பல் வருகிறது. 22 வருடங்களுக்கு முன் காணாமல் போன என்டர்பிரைஸ்-சி அது. கிளிங்கான்கள் என்ற வேற்றுலகப் போர் இனத்தின் நரேந்திரா-3 குடியிருப்பை, ரோமுலன்கள் என்ற இன்னொரு இனத்தின் நான்கு போர்க்கப்பல்கள் தாக்கியபோது உதவிக்குப் போன கப்பல். அங்கேயே நின்று சண்டை போட்டு அழிந்திருந்தால் கிளிங்கான்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள், சமாதானத்துக்கு வழி பிறந்திருக்கும். சண்டையின் நடுவில் பிளவுக்குள் விழுந்து எதிர்காலத்துக்கு வந்துவிட்டதால் வரலாறே திரும்பிவிடுகிறது. பிக்கார்ட் பக்கத்துக் கூட்டமைப்பான ஃபெடரேஷனுக்கும் கிளிங்கான்களுக்கும் 20 வருடங்களுக்கு மேலாகப் போர். இந்த வரலாறே தப்பு என்று கப்பலில் பார் நடத்துகிற கைனன் சொல்வதை நம்பி, சி கப்பலை அதன் சாவுக்கே திருப்பி அனுப்ப பிக்கார்ட் முடிவெடுக்கிறார்.

அந்த மாற்றம் நடக்கிற ஷாட்டை நான் ரிமோட்டை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சி கப்பல் பிளவிலிருந்து தலைகாட்டுகிற நொடியில், அதுவரை பளிச்சென்று இருந்த பிரிட்ஜ், அதாவது கப்பலை இயக்கும் அறை, நீலமும் இருட்டுமாக ஆகிவிடுகிறது. பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப் நின்ற இடத்தில், அவருக்கு முன் அந்த வேலையில் இருந்து முதல் சீசனிலேயே செத்துப்போன டாஷா நிற்கிறாள். எல்லார் இடுப்பிலும் ஆயுதம். பிக்கார்டின் முகம் கடுகடுவென்று இருக்கிறது. ஆனால் ஒருத்தரும் திடுக்கிடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லையே, அவர்கள் வாழ்க்கை எப்போதும் இப்படித்தான். இடறுவது கைனனுக்கு மட்டும்தான்.

நான் சொல்ல வந்தது கடைசிச் சண்டைக்கு முன்னால் பிக்கார்ட் தன் ஆட்களிடம் பேசுகிற நாலு வாக்கியத்தைப் பற்றி. என்டர்பிரைஸ் என்ற பெயரை வரலாறு மறக்காதபடி செய்வோம் என்று முடிக்கிறார். கைதட்டலுக்கு எழுதிய வசனம் என்று பல பேர் அதைக் கடந்துவிடுகிறார்கள். அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அவர் ஜெயித்தால் வரலாறு நினைவில் வைக்கப்போவது சி கப்பலை. அவர் நிற்கிற டி கப்பலும், அதில் இத்தனை வருடம் போரில் தேய்ந்த மனிதர்களும், அந்தச் சண்டையில் பிரிட்ஜிலேயே சாகிற துணைத் தளபதி ரைக்கரும் எந்தப் பதிவிலும் இருக்கமாட்டார்கள். தோற்றார்கள் என்றுகூட எழுதியிருக்காது. எந்தப் பெயரை மறக்கக்கூடாது என்கிறாரோ அந்தப் பெயரில் தன் கப்பலுக்கு மட்டும் பங்கில்லை என்று தெரிந்தே சொல்கிறார். மாற்றுக் காலக்கோட்டை வைத்து வந்த எந்த டிவி எபிசோடிலும் இதைவிடக் கனமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த முடிவு சரியா? எதை நம்பி எடுத்தார்? சொல்லுங்கள்.

#2 பறக்கும்ரயில்

அக்கா, எபிசோட் விறுவிறுப்பாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதை எல்லாவற்றிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடைசி இரண்டு நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. ரைக்கர் உயிரோடு இருக்கிறார், பிரிட்ஜ் பளிச்சென்று இருக்கிறது, அடுத்த வாரம் வேறு கதை. அப்போது நான் பதறியதெல்லாம் எதற்கு? இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'வாயேஜர்'இல் 1997ல் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு வருடம் கப்பல் துண்டு துண்டாக உடைகிறது, அதிகாரி டூவாக்குக்குக் கண் போகிறது, கேப்டன் ஜேன்வே கப்பலைக் கொண்டுபோய் எதிரி மேல் மோதுகிறார். உடனே காலம் திருத்தப்பட்டு எல்லாரும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. ஞாபகமே இல்லாத துன்பத்துக்கு என்ன மதிப்பு?

#3 திருவான்மியூர்க்காரி

தம்பி, 'இயர் ஆஃப் ஹெல்' பற்றி உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே என்று மட்டும் சொல்கிறேன். அங்கே ஜேன்வே மோதும்போது காலம் திருந்தினால் தன் ஆட்கள் பிழைப்பார்கள் என்ற எண்ணத்தோடு மோதுகிறார். அவர் இழந்ததெல்லாம் அவருக்கே திரும்பக் கிடைக்கிறது. இங்கே போர்க்கால பிக்கார்டுக்குத் திரும்ப என்ன கிடைக்கிறது? வேறு ஒரு பிக்கார்டுக்குக் கிடைக்கிறது. அந்த மனிதர் இவர் பட்டதை ஒருநாளும் அறியப்போவதில்லை.

நம் ஊரில் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டார்கள். எந்த அரசன் காலம், எந்த ஊர், யார், எதற்காகச் செத்தான் என்று கல்லில் வெட்டினார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். நம் பழைய பாட்டுகளிலும் வீரம் என்றால் புகழும் கூடவே வந்துவிடும். உடம்பு போகும், பேர் நிற்கும் என்பதுதான் ஒப்பந்தம். இந்தக் கப்பலில் இருப்பவர்களுக்கு அந்த ஒப்பந்தமும் கிடையாது. கல் நட ஆள் இருக்காது, ஏனென்றால் அவர்கள் செத்ததே நடந்திருக்காது. அப்படியும் போய் நிற்கிறார்கள். ஞாபகமில்லாததற்கு என்ன மதிப்பு என்று கேட்டாய். இந்த எபிசோடில் எனக்கு முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

#4 பழையகேசட்

நான் இதை முதலில் பார்த்தது பர்மா பஜாரில் வாங்கிய சிடியில். படம் மங்கலாக இருக்கும், பிரிட்ஜ் ஏற்கெனவே இருட்டு என்பதால் பாதி முகம் தெரியாது. இப்போது சுத்தமான பிரதியில் பார்க்கும்போதுதான் எவ்வளவு கொஞ்சத்தை வைத்து ஒரு புது உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று புரிகிறது.

அதே பிரிட்ஜ் செட்தான். வெளிச்சத்தைக் குறைத்து, கேப்டன் நாற்காலியை உயர்த்தி, சீருடையின் கழுத்தையும் கையையும் மாற்றி, இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார்கள். கேப்டன் குறிப்பு என்று சொல்லும் இடத்தில் ராணுவக் குறிப்பு என்கிறார், நட்சத்திரத் தேதிக்குப் பதில் போர்த் தேதி. மனநல ஆலோசகர் ட்ராய் இல்லை, கிளிங்கான் என்பதால் வோர்ஃப் இல்லை, குழந்தைகள் இல்லை. சின்னப் பையன் வெஸ்லிகூட முழுச் சீருடையில் இருக்கிறான். இந்தக் கப்பலில் ஆறாயிரம் துருப்புகளை ஏற்றலாம் என்று டாஷா ஒரு இடத்தில் சொல்கிறாள். ஆராய்ச்சிக்கும் குடும்பங்களுக்கும் கட்டிய கப்பல் போர்க்கப்பலாக நிற்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

இயக்கியவர் டேவிட் கார்சன். கதை ட்ரென்ட் கிறிஸ்டோபர் கனினோவும் எரிக் ஸ்டில்வெல்லும் கொண்டுவந்தது. திரைக்கதைக்கு நான்கு பேர் பெயர் வரும், அவசரத்தில் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்து எழுதினார்கள். பிரித்து எழுதியது என்று தெரியாத அளவுக்குக் கோத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒலித்தொகுப்புக்கு எம்மி விருதும் வாங்கியது. ஹெட்போன் போட்டு அந்தக் கடைசிச் சண்டையை ஒருமுறை கேளுங்கள்.

அப்புறம், கடைசிக் காட்சியில் எஞ்சினியர் ஜியோர்டியின் சட்டையைக் கவனித்தீர்களா? காலக்கோடு திருந்திய பிறகும் அவர் சட்டைக் கை போர்க்காலச் சீருடையுடையதுதான். படப்பிடிப்பில் நழுவிய விஷயம். எத்தனை பேர் விளக்கம் எழுதினாலும் நழுவியது நழுவியதுதான், கதையில் அதற்கு இடமில்லை.

#5 நங்கநல்லூர்_நிலா

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பிக்கார்ட் இந்த முடிவை எப்போது எடுக்கிறார்? போரில் ஃபெடரேஷன் தோற்றுக்கொண்டிருக்கும்போது. வெளியே யாருக்கும் தெரியாது, ஆறு மாதத்தில் சரணடைய வேண்டியிருக்கும் என்று சி கப்பலின் கேப்டன் காரெட்டிடம் அவரே சொல்கிறார். இன்றைக்கு இன்னொரு கப்பல் கிடைத்து எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, 22 வருடம் முன்னால் அதே ஒரு கப்பல் இந்தப் போரையே நிறுத்தியிருக்கும் என்பதுதான் அவர் வாதம்.

சரி, அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தால்? இன்னும் ஆறு மாதத்தில் கிளிங்கான்கள் சரணடைவார்கள் என்ற நிலை இருந்திருந்தால் கைனன் சொன்னதைக் கேட்டிருப்பாரா? செத்த நாற்பது பில்லியன் பேர் அப்போதும் செத்தவர்கள்தான். தர்மம் மாறவில்லை. ஆனால் கையில் வெற்றி இருப்பவன் தன் உலகத்தை அழிக்கச் சம்மதிப்பானா? எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல், தோல்வியை வைத்து வேலையை எளிதாக்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

#6 பறக்கும்ரயில்

நிலா கேட்டது நல்ல கேள்வி. எழுதியவர்கள் பக்கம் ஒன்று சொல்லலாம். கைனன் கேட்டபோது பிக்கார்ட் உடனே தலையாட்டவில்லை. எந்த வரலாறு சரி, எது தப்பு என்று யார் சொல்வது என்று சீறுகிறார். நான்தான் என்கிறாள். அது போதாது என்கிறார். போதும் என்றுதான் ஆக வேண்டும் என்கிறாள். அந்த அறையில் ஆதாரம் என்று ஒன்றும் மேசை மேல் இல்லை.

#7 பெரம்பூர்_லோகோ

இரண்டு நாளாக வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். நிலா கேட்ட கேள்வியை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து கேட்கிறேன்.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் பேசினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அதை ஏற்கவில்லை. ஊரைக் கேட்டு ஆற்காட்டு நவாபின் மகன் மாஃபூஸ் கான் பெரும்படையோடு வந்து, அடையாற்றங்கரையில் ஒரு சின்னப் பிரெஞ்சுப் படையிடம் தோற்றுப் போனார். அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று புதுச்சேரியில் இருந்துகொண்டு ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், கிடைத்தால் படியுங்கள். அப்புறம் 1748ல் எங்கேயோ ஐரோப்பாவில் ஒரு உடன்படிக்கை. 1749ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது, வட அமெரிக்காவில் லூயிபர்க் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. நம் ஊரும் கண்ணால் பார்க்காத ஒரு கோட்டையும் பண்டமாற்று.

கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் அந்தச் சமயத்தில் இங்கேதான் கைதியானார். வேஷம் மாற்றிக்கொண்டு கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பி ஓடினார். பேனாவை விட்டுத் துப்பாக்கி எடுத்தது அதற்குப் பிறகுதான். 1757ல் பிளாசி.

இப்போது அந்த உடன்படிக்கை வேறு மாதிரி முடிந்திருந்தால், அல்லது அந்த இரவு கிளைவ் பிடிபட்டிருந்தால் என்று வையுங்கள். பாரிமுனை பஸ் நிறுத்தத்தில் கைனன் மாதிரி ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். இந்த ஊர் இப்படி இருந்திருக்கக்கூடாது, 1876லிருந்து 1878 வரை வந்த பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்திருக்கவே வேண்டியதில்லை, நீ சம்மதித்தால் எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்கிறாள். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இன்னும் ஊர் நடுவில் கிடக்கிறது, பறக்கும் ரயிலின் தூண்களே அதில்தான் நிற்கின்றன. செத்தவர்கள் கற்பனை ஆட்கள் இல்லை. ஆனால் திருத்தினால் நான் பிறந்த பெரம்பூர் இருக்காது, லோகோ ஒர்க்ஸ் இருக்காது, என் அப்பா அம்மா சந்தித்திருக்கமாட்டார்கள். என் பிள்ளைகள் கிடையாது.

நான் சம்மதிக்கமாட்டேன். நல்லவனா கெட்டவனா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னால் சரி என்று சொல்ல முடியாது. இந்த எபிசோடில் எனக்குள்ள குறையும் அதுதான். பழையகேசட் சார் சொன்னாரே, அந்தக் கப்பலில் குழந்தைகள் இல்லை என்று. அழிக்க வேண்டிய உலகத்தில் அன்பு செலுத்த ஒன்றுமே இல்லாமல் துடைத்து வைத்துவிட்டார்கள். பிக்கார்டுக்கு அங்கே இழக்க என்ன இருந்தது?

#8 திருவான்மியூர்க்காரி

லோகோ அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த உலகத்தில் ஒன்றும் இல்லை என்பதை ஏற்கமாட்டேன். டாஷாவும் சி கப்பல் அதிகாரி காஸ்டியோவும் இருக்கிறார்களே. 22 வருடம் தள்ளிப் பிறந்த இரண்டு பேர், சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாதவர்கள். கப்பல் பழுதுபார்க்கிற வேலைக்கு நடுவில், போர்த் தகவல்களைச் சொல்லிக்கொண்டே பழகுகிறார்கள். எல்லாம் சில மணி நேரம். அந்தப் பழக்கத்தை எவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். அந்தத் தப்பான உலகத்தில்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். சரியான உலகம் வந்தால் அவள் இல்லை. பிக்கார்டுக்கு இழக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், பார்க்கிற நமக்கு இருக்கிறது. முதல் சீசனில் 'ஸ்கின் ஆஃப் ஈவில்' எபிசோடில் ஆர்மஸ் என்கிற அந்தக் கருப்புப் பிசின் ஜந்து காரணமே இல்லாமல் அவளைக் கொன்றது. ஒரு கையசைப்பு, முடிந்தது. அந்தச் சாவு நமக்குத் தெரியும், அவளுக்கு முதலில் தெரியாது. கைனன் அவளைப் பார்த்துத் தடுமாறும்போது நமக்கு மட்டும் காரணம் புரிகிறது.

#9 பறக்கும்ரயில்

லோகோ அண்ணாவுக்கு 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் 1997ல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் டைம்' எபிசோடைப் பரிந்துரைக்கிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வி, துடைத்து வைக்காமல். கேப்டன் சிஸ்கோவும் கீரா, ஓடோ முதலான அவர் ஆட்களும் ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே எட்டாயிரம் பேர் வாழ்கிறார்கள், எல்லாரும் இவர்களுடைய வம்சம். இவர்கள் திரும்பும்போது விபத்தில் 200 வருடம் பின்னால் போய் விழுந்து அங்கேயே குடியேறியதால் வந்த வம்சம். இப்போது விபத்தைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அந்த எட்டாயிரம் பேரும் இல்லாமல் போவார்கள். விபத்தை ஏற்றால் கீரா சாவாள், மற்றவர்கள் தங்கள் குடும்பத்தை மறுபடி பார்க்கவே முடியாது.

அந்த ஊர்க்காரர்கள் விதைப்பு நாள் கொண்டாடுகிறார்கள். நம்ம ஆட்களும் மண்ணில் இறங்கிக் கூடச் சேர்ந்து விதைக்கிறார்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதற்கப்புறம் யாராலும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியவில்லை. விழுந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். கடைசியில் நடப்பது வேறு. நெடுங்காலம் வாழும் இனத்தவர் என்பதால் விபத்துக்குப் பிறகு 200 வருடம் அங்கேயே வாழ்ந்த வயதான ஓடோ, கீரா மேல் இருந்த அன்பினால் யாருக்கும் தெரியாமல் பயணப் பாதையை மாற்றிவிடுகிறார். எட்டாயிரம் பேரும் போய்விடுகிறார்கள். கீராவுக்கு அது தெரியவரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். இந்த எபிசோடைப் பொறுத்தவரை எனக்கு மனத்தாங்கலே கிடையாது. ஏனென்றால் அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டே வாழ வேண்டும்.

#10 நங்கநல்லூர்_நிலா

டாஷா பற்றி அக்கா சொன்னதும் எனக்கு அடுத்த கோபம் வந்துவிட்டது. தன் சாவைப் பற்றிக் கைனன் சொல்லித் தெரிந்துகொண்டு அவள் பிக்கார்டிடம் போய் என்ன கேட்கிறாள்? அந்தக் காலக்கோட்டில் நான் அர்த்தமில்லாமல் செத்தேனாம், இந்தச் சீருடையில் சாவதானால் அதற்கு ஒரு பயன் இருக்கட்டும், என்னை சி கப்பலுக்கு அனுப்புங்கள் என்கிறாள். கேப்டன் காரெட் ஏற்கெனவே செத்துவிட்டார், காஸ்டியோதான் கப்பலை நடத்தவேண்டும், ஆயுதப் பிரிவுக்கு ஆள் இல்லை. பிக்கார்ட் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அனுமதிக்கிறார். எவ்வளவு அழகான காட்சி.

ஒன்றரை வருடம் கழித்து 1991ல் 'ரிடெம்ப்ஷன்' இரண்டாம் பாகத்தில் ஸீலா வருகிறாள். சி கப்பலில் பிழைத்தவர்களை ரோமுலன்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒரு தளபதி டாஷாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான், பிறந்த மகள் நான். எனக்கு நான்கு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு தப்பப் பார்த்தாள், நான் சத்தம் போட்டேன், பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று அந்த மகளே சொல்கிறாள். அர்த்தமுள்ள சாவைத் தேடிப் போனவளுக்கு இதையா கொடுப்பது? என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

#11 பழையகேசட்

நிலா, உன் கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் ஸீலா யோசனையைக் கொண்டுவந்ததே டெனிஸ் கிராஸ்பி. முதல் சீசனில் செய்ய ஒன்றும் தரவில்லை என்று விலகிப் போன நடிகை, இந்த எபிசோடில் நல்ல வேலை கிடைத்ததும் தொடர்ந்து வர வழி தேடினார். ஒரு நடிகையின் இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு அதில் தவறு தெரியவில்லை.

கதையாகப் பார்த்தாலும் நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறேன். டாஷா போன வேலை நடந்துவிட்டது. சமாதானம் வந்தது, நாற்பது பில்லியன் பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் உடம்புக்கு என்ன ஆனது என்பது அந்த வேலையைக் குறைக்காது. போரில் வீரம் காட்டியவர்கள் எல்லாரும் போர்க்களத்திலேயே சாவதில்லை. சிறையில் கிடந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், தப்பப் பார்த்துப் பிடிபட்டவர்கள் எத்தனை பேர். அவளுடைய சாவு அவள் நினைத்தபடி வரவில்லை. தப்பிப்பதையும் அவள் கடைசிவரை விடவில்லையே.

#12 நங்கநல்லூர்_நிலா

சார், படிக்கும்போது சரியாகப்படுகிறது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது மறுபடி கோபம்தான் வருகிறது.

#13 திருவான்மியூர்க்காரி

கைனனை நம்பியது பற்றி ஒரு வார்த்தை. பறக்கும்ரயில் சொன்ன அந்த அறைக் காட்சியில் ஆதாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த காட்சியைப் பாருங்கள். ரைக்கர், இயந்திர மனிதனான டேட்டா, டாக்டர் க்ரஷர் எல்லாரையும் கூட்டி வைத்து, அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பப்போகிறேன் என்கிறார். உள்ளுணர்வை நம்பி 125 பேரைச் சாக அனுப்புவதா என்று ரைக்கர் எதிர்க்கிறார். உன் கருத்தைக் கேட்கக் கூட்டவில்லை என்று பிக்கார்ட் முகத்தில் அடித்தமாதிரி சொல்கிறார். நாம் பழகிய பிக்கார்ட் இப்படிப் பேசமாட்டார். நல்ல காலக்கோட்டில் அவர்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. இங்கே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 20 வருடப் போர் என்ன செய்யும் என்பதை வெடிக்கிற கப்பல்களைவிட அந்த மேசையில் இருக்கிற கசப்பு எனக்கு அதிகமாகக் காட்டியது.

அந்தக் கசப்பில் தேய்ந்த மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே நம்பிக்கை கைனன். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார். டேட்டாவின் கணக்கும் அவருக்கு உதவுகிறது, கிளிங்கான் குடியிருப்பைக் காக்க ஒரு ஃபெடரேஷன் கப்பல் அழிந்தால் அவர்கள் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள் என்று டேட்டா சொல்கிறது. ஆனால் கால் எடுத்து வைத்தது அந்தத் தோழியின் வார்த்தையை நம்பித்தான். நிலா கேட்டாயே, ஜெயித்துக்கொண்டிருந்தால் செய்திருப்பாரா என்று. ஜெயிக்கிற பிக்கார்டிடம் கைனன் போய்ச் சொல்லியிருந்தாலும் அவர் கோபப்பட்டிருப்பார், கத்தியிருப்பார், பிறகு செய்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது போரின் நிலவரத்தைப் பொறுத்தது இல்லையே.

#14 பெரம்பூர்_லோகோ

அப்படியானால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். சி கப்பல் ஆட்களிடம் கேட்டார்கள். காரெட் திரும்பி வந்து பிக்கார்டிடம் சொல்வது ஞாபகம் இருக்கிறதா? பலரும் திரும்பிப் போகவே விரும்புகிறார்கள் என்கிறார். சிலருக்குத் தங்கள் சொந்தங்கள் இல்லாத காலத்தில் வாழப் பிடிக்கவில்லை. சிலருக்குச் சண்டையின் நடுவில் நழுவி வந்தது பிடிக்கவில்லை. நேர்மையான பதில்கள். அவர்கள் தெரிந்து போனார்கள்.

டி கப்பல் ஆட்களிடம் யார் கேட்டார்கள்? கிளிங்கான்களிடமிருந்து ஓடித் தப்பலாம், ஆனால் சி கப்பல் பிளவுக்குள் போகும்வரை காக்க வேண்டும் என்று மட்டும்தான் பிக்கார்ட் சொல்கிறார். காத்தால் நீங்கள் எல்லாரும் இல்லாமல் போவீர்கள் என்று கீழ்த்தளத்தில் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்க்குச் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் குழந்தைகள் இல்லை, சரி, வீட்டில் இருக்கும் அல்லவா? அந்தச் சிப்பாயின் பிள்ளைகள்? அவனைக் கேட்காமலே அவர்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

#15 திருவான்மியூர்க்காரி

அண்ணா, இதற்கு என்னிடம் இருக்கிற பதிலைச் சொல்கிறேன். உங்களுக்குப் போதாமல் இருக்கலாம்.

கேட்டிருக்க வேண்டும். நேரம் இல்லை என்பது சாக்கு, மூன்று கிளிங்கான் கப்பல்கள் வருவதற்கு முன்னால் நேரம் இருந்தது. பிக்கார்ட் செய்தது சரி என்று நான் இன்னும் சொல்கிறேன், ஆனால் கேட்காமல் செய்தது அவர் மேல் நிற்கிற குற்றம். அந்த எபிசோடும் அதை மறைக்கவில்லை. ரைக்கர் செத்து விழுந்த பிறகு, எதிரி சரணடையச் சொல்லும்போது, கேப்டன் தானே தடுப்பைத் தாண்டிப் போய் ஆயுத மேசையில் நின்று சுடுகிறார். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. அது குற்றத்துக்குப் பரிகாரம் ஆகாது. அவர்களோடு கூட நின்று எரிந்தார், அவ்வளவு சொல்ல முடியும்.

அடுத்த ஞாயிறு 'சில்ட்ரன் ஆஃப் டைம்' போடலாமா? லோகோ அண்ணா கட்டாயம் வரவேண்டும். அந்த விதைப்பு நாள் காட்சியைப் பார்த்துவிட்டு, சிப்பாயின் பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்டதை அங்கே எல்லாரிடமும் கேளுங்கள்.

#16 பெரம்பூர்_லோகோ

வருகிறேன் அம்மா. பெரிய பையனுக்கும் இப்போது புரிகிற வயசு, அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

#17 திருவான்மியூர்க்காரி

கூட்டி வாருங்கள் அண்ணா. ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம்.